பெருவண்டியின் வழியும் வலியும்

சங்க காலத்தில் கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டிற்குக் கொண்டு சென்று விற்றவரை உமணர் என வழங்கினர். அவர்தம் வண்டிகளைப் பற்றிய செய்திகள் சங்க நூல்களில் பல இடங்களில் வருகின்றன. அவற்றுள் ஒன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், புறநானூற்று 102ஆம் பாட்டில், பாரம் மிகுந்த ஒரு வண்டியை நமக்குக் காட்டுகிறார். அதில் பூட்டிய எருதுகள் பழக்கம் இல்லாத இளங்காளைகள். சுமையோ பெரிது. போகும் வழியில் என்ன நேருமென்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே உமணர், வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் சேர்த்துக் கட்டிச் சென்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். ஆபத்தில் உதவும் அந்தச் சேமவச்சைப் போன்றவன் எழினி என்பது புலவரின் புகழுரை.

வண்டியின் வலி, இழுப்பதன் வலி, வழியின் இயல்பு, முறிந்தால் உதவி ஆகிய நான்கையும் அன்றைய உமணர் எண்ணிப் பார்த்தே புறப்பட்டனர் என்பது இதனால் விளங்கும். இன்று விடுமுறை நாளின் விடியலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து உணவுக் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிள்ளானாச் சாலையை ஒட்டிய கடைகளிலும் தேநீர் அருந்திக்கொண்டு, வெளியே நிறுத்திய பெரிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி வழக்காடும் அன்பர்களும் எண்ணுவது இதையேதான். தாழ்ந்து நீண்ட 'குரூசர்' வண்டி நல்லதா, காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் பூட்டிய 'டூரர்' வண்டி நல்லதா, இவ்விரண்டும் வேண்டா, சிறு வண்டியே போதுமா என்பது அவர்தம் வழக்கு. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. ஏனெனில், ஒவ்வொரு வண்டியின் நிறையும் குறையும், அது எந்த வழிக்காகப் பிறந்ததோ அந்த வழியிலிருந்தே வந்தவை. ஆதலின் முதற்கண் அவற்றின் வரலாற்றை நோக்குவோம்.

உலாவும் ஆற்றுப்படையும்

குரூசர் என்னும் சொல் கடலிலிருந்து கரையேறியது. கப்பல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிவருதலைக் குறித்த டச்சுச் சொல்லே அதன் மூலம். டூர் என்பது பிரெஞ்சு மொழியில் சுற்று எனப் பொருள்படும். தமிழில் இவ்விரண்டிற்கும் பெயர் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தலைவன் வீதியில் பவனி வர, ஏழு பருவத்து மகளிரும் கண்டு மகிழும் நூலுக்கு உலா என்று பெயர். பரிசில் பெற்றவன், பெறாதவனுக்கு வழியும் ஊரும் உணவும் எடுத்துக் கூறி அனுப்பும் நூலுக்கு ஆற்றுப்படை என்று பெயர். காணவும் காணப்படவும் மெல்லச் செல்வது குரூசர். ஊர் விட்டு ஊர் கடந்து நெடுவழி செல்வது டூரர். முன்னதை உலா வண்டி எனவும், பின்னதை நெடுவழி வண்டி எனவும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

மோட்டார் சைக்கிளின் தொடக்கம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. 1885இல் டைம்லர் தம் சிறு எஞ்சினைச் சோதித்துப் பார்க்க மரச்சட்டத்தில் ஓர் இருசக்கர வண்டியைச் செய்தார். 1894இல் மூனிக் நகரில் ஹில்டெபிராண்ட், வோல்ப்முல்லர் என்போர் விற்பனைக்கென்றே செய்த வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 1,489 சி.சி. கொள்ளளவு உடையது. விலைக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிளே பெருவண்டி என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ!

பின்னர் இரு நாடுகள் இருவேறு வழியில் சென்றன. இங்கிலாந்தின் சாலைகள் குறுகியவை, வளைவு மிகுந்தவை. ஆதலின் அங்கே 350, 500 சி.சி. அளவில், எளிதில் சாய்ந்து திரும்பும் வண்டிகள் வளர்ந்தன. அமெரிக்காவிலோ ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கல் தொலைவு, சாலையும் நேரானது. 1901இல் தோன்றிய இந்தியன் நிறுவனமும், 1903இல் மில்வாக்கி நகரில் தோன்றிய ஹார்லி டேவிட்சன் நிறுவனமும் அவ்வழிக்கேற்ற பெரிய எஞ்சின்களை நாடின. 1909இல் ஹார்லி நிறுவனம் 45 பாகைக் கோணத்தில் இரு சிலிண்டர் அமைந்த எஞ்சினை வெளியிட்டது. மெல்லச் சுழன்று மிகுந்த இழுவிசை தரும் அவ்வமைப்பே இன்றளவும் உலா வண்டியின் இலக்கணமாக நிற்கிறது. தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டிய கால், உயர்ந்த கைப்பிடி ஆகிய யாவும் நேர்ச்சாலையில் நெடுநேரம் அமர்ந்து செல்பவனுக்காக ஏற்பட்டவை. வளைவில் விரைபவனுக்காக அல்ல.

1965இல் ஹார்லி நிறுவனம் மின்விசையால் எஞ்சினைத் தொடங்கும் எலக்ட்ரா கிளைடை வெளியிட்டது. அதன்பின் நெடுவழி வண்டி தனி இனமாகப் பிரிந்தது. 1974இல் ஹோண்டா, நீரால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய 999 சி.சி. கோல்ட் விங் வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதில் பின் சக்கரத்தைச் சுழற்றுவது சங்கிலியன்று, தண்டு. 1976இல் பி.எம்.டபிள்யூ, காற்றுக் குகையில் சோதித்து அமைத்த முழுக் காற்றுத்தடுப்புடன் ஆர் 100 ஆர்எஸ் வண்டியைத் தந்தது. அதே நிறுவனம் 1980இல் கரட்டு வழிக்கும் ஏற்ற உயர்ந்த நெடுவழி வண்டியைத் தொடங்கிவைத்தது. கோல்ட் விங்கோ படிப்படியாகப் பருத்து, இன்று ஆறு சிலிண்டரும் 1,833 சி.சி.யும் ஏறத்தாழ 380 கிலோ எடையும் உடைய யானையாகிவிட்டது. அதைப் பின்னோக்கி நகர்த்தவும் எஞ்சினின் துணை வேண்டியிருக்கிறது என்றால் வேறு சொல்லவும் வேண்டுமோ?

திருவொற்றியூரின் பங்கு

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார். இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனம் 1932 முதல் புல்லட் என்னும் பெயரில் வண்டி செய்துவந்தது. இந்திய விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்கு உரம் வாய்ந்த மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டபோது, இந்தியப் படை 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தது. அதன் விளைவாக 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. சென்னைக்கு வடக்கே, பட்டினத்தடிகள் அடங்கிய தலமாகப் போற்றப்படும் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினர். பின்னர் உறுப்புகளையும் அங்கேயே செய்தனர்.

1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் வண்டித் தொழிலே முடிவுற்றது. தாய் மறைந்தபின் பிள்ளை பிழைத்தது. 1977இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. 1994 முதல் ஐஷர் நிறுவனத்தின் கையில் வளர்ந்து, 2013இல் ஒரகடத்திலும் பின்னர் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகளைக் கண்டது. 2022இல் அறிமுகமான 648 சி.சி. சூப்பர் மீட்டியார், முற்றும் உலா வண்டியின் இலக்கணம் பொருந்தியது: எடை 241 கிலோ, இருக்கை உயரம் 740 மில்லிமீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 47 குதிரைத் திறன். அதன் ஒரு வகை, காற்றுத்தடுப்பும் பின்னிருப்பவருக்குச் சாய்மானமும் பெற்று, நெடுவழி வண்டியின் சாயலையும் கொண்டது. ஆகவே இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உலா வண்டியா, நெடுவழி வண்டியா என்று வழக்காடும் தமிழர், தம்மை அறியாமலே தமிழகத்துத் தொழிலாளரின் கைவண்ணத்தையும் எடைபோடுகின்றனர் என்க.

கப்சாயின் நாடு

மலாயாவின் வழி வேறு. இரயில் வருமுன் கோலாலம்பூரின் சரக்கு கிள்ளான் ஆற்றிலும் மாட்டு வண்டியிலும் சென்றது. 1886இல் இருப்புப்பாதை வந்தது. 1890இல் அது கிள்ளானைத் தொட்டது. அப்பாதையில் உழைத்த யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறிய இடமே செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ். நகரத்துக்கு அப்பால் எங்கும் இரப்பர்த் தோட்டங்கள். அவற்றினுள் செம்மண் தடங்கள். இத்தகைய நாட்டில் பெருவண்டிக்கு வேலை ஏது?

1958இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. 49 சி.சி. எஞ்சின்; ஏறத்தாழ 55 கிலோ எடை. கிளச்சைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. கீழ்ச்சட்டம் தாழ்ந்திருந்ததால் சேலையோ கைலியோ அணிந்தவரும் ஏறி அமரலாம். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1950களின் இறுதியில் அதனை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். கப் என்னும் பெயரோடு சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து கப்சாய் ஆயிற்று. பால்மரம் வெட்டுவோரும், செய்தித்தாள் போடுவோரும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோரும் அதையே நம்பி வாழ்ந்தனர். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு நம்மவரைக் கொண்டுவந்து சேர்த்த வண்டிகளுள் அதற்கு முதலிடம் உண்டு என்றால் மிகையாகாது.

சிறு வண்டிக்குத் தனி வழி வேண்டும் என்னும் எண்ணமும் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில் கிள்ளான் ஆற்றின்மேல் திறக்கப்பட்ட கோத்தா பாலம் இரண்டடுக்கு உடையது: மேலே மோட்டார் வண்டிகள், கீழே நடப்போரும் சைக்கிளில் செல்வோரும். 1970களின் தொடக்கத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடம் அமைந்தது. இத்தகைய தடங்களில் உலகிலேயே முதலாவது அது என்பர். தலைக்கவசம் கட்டாயமானது 1973இல்.

ஆனால் அத்தடம் கப்சாயின் அளவுக்கு வகுத்த தடம். குறுகிய அகலம், சுரங்கப் பாதையில் இறங்கும் திடீர் வளைவு, கிளைச்சாலையைக் கடக்கும் சுற்று ஆகிய இவற்றில் சிறு வண்டி மீனைப்போல் நெளிந்து செல்லும். பெட்டிகள் பூட்டிய நெடுவழி வண்டியோ திணறும். பெருவண்டிக்கு உரிய வழி பின்னரே வந்தது. புக்கிட் காயு ஹீத்தாம் முதல் ஜோகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றது. அதில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணமும் இல்லை. அமெரிக்கச் சாலையின் நேர்மையும் நீளமும் இந்நாட்டிலும் கிட்டியபின்னரே, பெருவண்டி செல்வர் சிலரின் விளையாட்டு என்னும் நிலையைக் கடந்து, உழைத்துச் சேமித்த நடுத்தர மக்களின் ஆசையாகவும் ஆயிற்று. வழி பிறந்தபின் வண்டி வந்தது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

வள்ளுவர் காட்டும் அளவுகோல்

இனி எடைபோடுவோம். திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அரசனுக்குச் சொன்னதாயினும் வண்டி ஏறுவோனுக்கும் அது பொருந்தும். செயலின் வலி, தன் வலி, எதிரியின் வலி, துணையின் வலி என்னும் நான்கையும் தூக்கிப் பார்த்தே இறங்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் கூறும் கருத்து.

முதலாவது, செயலின் வலி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாள்தோறும் அவ்வழியே வேலைக்குச் செல்வோனுக்குச் சிறு வண்டியே சிறந்தது. எண்ணெய்ச் செலவு குறைவு, நெரிசலில் நுழையலாம், எங்கும் நிறுத்தலாம். 330 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜோகூர் பாருவுக்குச் செல்லும்போது நிலைமை மாறும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 110 சி.சி. எஞ்சின் தன் முழு வலியையும் செலுத்தி அலறுகிறது, 650 சி.சி. எஞ்சின் அமைதியாக மூச்சுவிடுகிறது. கடந்து செல்லும் லாரியின் காற்று சிறு வண்டியைத் தள்ளும். பெருவண்டியை அவ்வளவாக அசைக்காது. அங்கே எடையே காவல். மனைவியும் உடன் வர, பெட்டியும் ஏற்றிச் செல்வதாயின் நெடுவழி வண்டியே ஏற்றது. அதன் காற்றுத்தடுப்பு மார்பில் அறையும் காற்றை விலக்கும். நிமிர்ந்து அமர்வதால் முதுகு நோவாது. உலா வண்டியிலோ கால்கள் முன்னே நீண்டிருப்பதால் குழியின் அதிர்ச்சியை முதுகெலும்பே தாங்குகிறது. அதன் பின் சக்கரத்து வில்லின் இயக்கமும் குறைவு. மேலும், அது தாழ்ந்து நிற்பதால் வளைவில் மிகவும் சாய இயலாது. காராக் மலைச்சாலையில் கால்மிதி தரையை உரசும். ஆயினும் எவ்வண்டிக்கும் ஏற்றும் பாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அதே அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். வண்டியுடன் வரும் கையேட்டில் அவ்வெல்லை அச்சிட்டிருக்கும். அதைப் படிப்போர் சிலரே.

இரண்டாவது, தன் வலி. வண்டி ஓடும்போது அதன் எடை தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். மேடான தரையில் நிறுத்தி, பின்னே தள்ளிப் பார்த்தவர் இதனை உணர்வர். உயரம் குறைந்தவருக்கு உலா வண்டியின் 740 மில்லிமீட்டர் இருக்கை பெருந்துணை; இரு பாதங்களும் நிலத்தில் பதியும். கரட்டு வழிக்கும் ஏற்ற நெடுவழி வண்டிகளின் இருக்கை 850 மில்லிமீட்டரையும் எட்டுவதால், நுனிக்காலில் நிற்க நேரும். உடல் வலியுடன் பொருள் வலியும் சேரும். மலேசியாவில் 250 சி.சி. வரை பி2 உரிமம் போதும். 500 வரை பி1. அதற்கு மேல் முழு பி உரிமம் வேண்டும். தீபகற்பத்தில் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஆண்டுச் சாலை வரி 2 ரிங்கிட். 251 முதல் 500 வரை 100 ரிங்கிட். 501 முதல் 800 வரை 250 ரிங்கிட். அதற்கு மேல் 350 ரிங்கிட். வரியைத் தாங்கிவிடலாம். அகன்ற டயரின் விலையும் காப்புறுதியும் மாதத் தவணையுமே குடும்பத்தின் அடுப்பங்கரை வரை எட்டுபவை.

மூன்றாவது, எதிரியின் வலி. இங்கே எதிரி மனிதன் அல்லன். வெயில், மழை, வேகம் ஆகிய மூன்றுமே. காற்றால் குளிரும் பெரிய எஞ்சின், காற்று வீசும்வரையே குளிரும். நண்பகலில் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலில் அகப்பட்டால் அது அடுப்பாகித் தொடையைச் சுடும். இது உலா வண்டியின் பெருங்குறை. நீரால் குளிரும் நெடுவழி வண்டியிலும் வெப்பம் காற்றுத்தடுப்பின் உள்ளே தேங்குவதுண்டு. மாலையில் இடியுடன் கொட்டும் மழையில் எடையும் அகன்ற டயரும் உறுதி தருவதுபோல் தோன்றும்; அத்தோற்றத்தை முற்றிலும் நம்புதல் கூடாது. ஒரு கணக்கைக் காண்க. 100 கிலோ வண்டியும் 80 கிலோ மனிதனும் சேர்ந்தால் 180. 240 கிலோ வண்டியும் அதே மனிதனும் சேர்ந்தால் 320. முன்னது 60 கிலோமீட்டர் வேகத்திலும் பின்னது 90 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால், பெருவண்டியின் இயக்க ஆற்றல் சிறு வண்டியினதைப்போல் நான்கு மடங்கு ஆகும். அந்த நான்கு மடங்கையும் பிரேக்கே விழுங்க வேண்டும்; அது விழுங்காதபோது எலும்பு விழுங்கும். இந்நாட்டில் சாலையில் மாள்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர் என்பதை நினைக்குங்கால், இக்கணக்கு வெறுங்கணக்கு அன்று என்பது புலனாகும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக், பெருவண்டிகளில் பரவலாகக் கிடைப்பது அவற்றிற்கு உரிய ஒரு நன்மை.

நான்காவது, துணையின் வலி. கப்சாய் பழுதுபட்டால் கம்பத்துப் பட்டறையிலும் உறுப்புக் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் வழியைத் தொடரலாம். பெருவண்டியின் உறுப்புக்கோ பெருநகரத்து முகவரையே நாட வேண்டும். சில வேளை கப்பலையும் எதிர்நோக்க வேண்டும். சங்கிலியின்றித் தண்டால் சுழலும் வண்டிக்கு அன்றாடக் கவனிப்பு குறைவு. பழுதானால் செலவு மிகுதி. இதனாலன்றோ பெருவண்டியாளர் தனியே செல்லாது கூட்டமாகச் செல்கின்றனர்! வழித்துணையே அவர்தம் சேமவச்சு.

முடிவு

ஆகவே உலா வண்டி தாழ்வு, இழுவிசை, அழகு ஆகியவற்றால் சிறந்து, வளைவிலும் வெப்பத்திலும் குழியிலும் தளர்கிறது. நெடுவழி வண்டி தொலைவிலும் சுமையிலும் சிறந்து, விலையிலும் உயரத்திலும் நெரிசலிலும் தளர்கிறது. சிறு வண்டியோ ஊருக்குள் வேந்தன், நெடுஞ்சாலையில் எளியவன். ஆனால் அதை இகழ்தல் தகாது. பெருந்தேரும் சிற்றாணியால் நிற்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. 110 சி.சி. வண்டியில் சிறுகச் சிறுகச் சென்று தாய்லாந்து எல்லையைக் கடந்து மீள்வோரும் இந்நாட்டில் உளர். அவர் தம் வண்டியின் வலியை அறிந்து, அதற்கு மேல் அதனைக் கேளாதவர்.

ஆசிரியர்களிடம் படித்துத் தேறி, முதல் சம்பளம் கையில் வந்ததும் பெருவண்டிக் கடையின் கண்ணாடிக்கு முன் நிற்கும் இளைஞர் பலர். அவர்தம் ஆசையைப் பழித்தலும் வேண்டா. ஊக்கி விடுதலும் வேண்டா. நீ நாள்தோறும் செல்லும் வழி எது, நிற்கும் வண்டியை நீ தனியே நிமிர்த்த இயலுமா, மழையில் எவ்வளவு தொலைவில் அதை நிறுத்துவாய், அது பழுதானால் யாரை அழைப்பாய் என்னும் நான்கையும் கேட்டால் போதும். நான்கிற்கும் நேரிய விடை கூற வல்லவன் எவ்வண்டியை வாங்கினும் வீடு வந்து சேர்வான்.